மூன்றாவது நிறத்தை எங்கே வைப்பது?

எந்த வேலைக்கும் மூன்று நிறம் போதும் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு லோகோ, வீட்டுச் சுவர், உடுப்பு, இணையப் பக்கம் என்று எல்லாத் திசையிலிருந்தும் கேள்விகள் வந்துவிட்டன. இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

கேள்வி: சிறிதாக ஒரு தொழில் தொடங்குகிறேன். லோகோவுக்கும் விசிட்டிங் கார்டுக்கும் டிசைனர் ஐந்து நிறம் காட்டினார். ஐந்துமே பிடித்திருக்கின்றன. ஏன் மூன்றோடு நிறுத்த வேண்டும்? குறைப்பதென்றால் இரண்டு போதாதா?

ஐந்தும் பிடித்திருப்பதில் தப்பே இல்லை. ஐந்துக்கும் கொடுக்க ஆளுக்கொரு வேலை உங்களிடம் இருக்கிறதா? ஒரு விசிட்டிங் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் விரிந்து கிடக்க ஒரு நிறம் வேண்டும். அதன் மேல் பெயரும் எண்ணும் தெளிவாக நிற்க இன்னொரு நிறம். பார்ப்பவர் கண் முதலில் எங்கே போய் உட்கார வேண்டுமோ அந்தச் சின்ன இடத்துக்கு மூன்றாவது. கிடப்பது, நிற்பது, கூப்பிடுவது. நான்காவதாக ஒன்றை உள்ளே விட்டால் அது இந்த மூன்றில் ஒன்றின் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும், பெரும்பாலும் கூப்பிடுகிற வேலையை, ஏனென்றால் நாம் ஆசைப்பட்டுச் சேர்க்கிற நிறம் அநேகமாகப் பளிச்சென்ற நிறமாகத்தான் இருக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் எந்தப் பக்கம் திரும்புவது?

இரண்டு நிறத்தோடு நிறுத்திக்கொண்டு அழகாகச் செய்தவர்கள் நிறையப் பேர். ஐக்கியா என்றால் நீலமும் மஞ்சளும், ஃபெடெக்ஸ் என்றால் ஊதாவும் ஆரஞ்சும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. ஆனால் அந்த ஃபெடெக்ஸ் எழுத்துகள் பெரும்பாலும் வெள்ளை மேல்தான் நிற்கின்றன, அப்போது கிடக்கிற நிறம் வெள்ளை. கணக்குப் பார்த்தால் மூன்று. கூகுள் நான்கு நிறம் வைத்திருக்கிறதே என்று அடுத்து கேட்பீர்கள். அதன் தேடல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வெள்ளை விரிந்து கிடக்கிற பக்கத்தின் நடுவில் ஆறே எழுத்தில் அந்த நான்கும் அடங்கியிருக்கின்றன, நான்கும் சேர்ந்து ஒரே ஆளாகத்தான் கூப்பிடுகின்றன.

அதனால் ஐந்தையும் ஒரு தாளில் பூசி வைத்துக்கொண்டு, எதைப் பெரிதாகப் பரப்பினாலும் சலிக்காது என்று முதலில் பாருங்கள். அது கிடக்கும் நிறம். அதன் மேல் வைத்தால் கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிகிற நிறம் எது என்று அப்புறம் பாருங்கள். மீதி மூன்றில் உங்களுக்கு மிகவும் பிடித்ததைக் கடைசியில் எடுங்கள். ஆசைப்பட்ட நிறத்தைக் கடைசியில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: முதலிலேயே எடுத்தால் அதை எல்லா இடத்திலும் பூசிவிடுவோம்.

கேள்வி: 60-30-10 என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். அதை நாடா வைத்து அளக்கவா முடியும்? மூன்றையும் சமமாக வைத்தால் என்ன கெட்டுப்போகும்?

அளக்க வேண்டாம். வீட்டு உள்ளலங்காரம் செய்பவர்கள் பழக்கத்தில் வைத்திருக்கும் கைக்கணக்கு அது. அறையில் ஏறக்குறைய 60 பங்கு ஒரு நிறம், 30 பங்கு இன்னொன்று, 10 பங்கு மூன்றாவது. கோட்டு சூட்டு போட்ட ஆளை நினைத்துக்கொள்ளுங்கள்: கோட்டும் பேன்ட்டும் 60, சட்டை 30, டை 10. எண் முன்னே பின்னே ஆகலாம், 70-25-5 என்று வைத்தாலும் நன்றாகவே இருக்கும். பெரியது, நடுத்தரம், சின்னது என்ற வரிசை மட்டும் குலையக் கூடாது.

சமமாக வைத்தால் மூன்றுமே முன்னால் வந்து நிற்கும். கொடிகளில் அப்படி வைக்கிறார்கள், அங்கே தூரத்திலிருந்து ஒரே பார்வையில் அடையாளம் தெரிந்தால் போதும், யாரும் அதற்குள் உட்கார்ந்து வாழப் போவதில்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. பிரெஞ்சுக் கொடியில் நீலம், வெள்ளை, சிவப்பு மூன்றும் சமம். ஆனால் அவர்களுடைய கடற்படைக் கப்பல்களில் பறக்கும் கொடியில் நீலம் 30 பங்கு, வெள்ளை 33 பங்கு, சிவப்பு 37 பங்கு. கடலில் படபடக்கும்போது தூரத்திலிருந்து மூன்றும் சமமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே இப்படிக் கூட்டிக் குறைத்திருக்கிறார்கள். கண்ணுக்குச் சமம் என்பதும் அளவுகோலுக்குச் சமம் என்பதும் வேறு வேறு. உங்கள் அறையிலும் அதேதான், கண்ணை நம்புங்கள்.

கேள்வி: ஷேட் கார்டில் இளம் சந்தன நிறமாக இருந்த பெயின்ட், சுவரில் அடித்ததும் மஞ்சளாகிவிட்டது. குஷன் உறைக்கு வாங்கிய பச்சைத் துணியும் வீட்டுக்கு வந்ததும் வேறு மாதிரி இருக்கிறது. கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டாரா?

பெரும்பாலும் மாற்றியிருக்க மாட்டார். இந்தக் கேள்வி மட்டும் பதினோரு பேரிடமிருந்து வந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் காரணம் பரப்பு. தீப்பெட்டி அளவுத் தாளில் பார்க்கும் நிறமும் சுவர் முழுக்க விரிந்த அதே நிறமும் கண்ணுக்கு ஒன்றல்ல, பரப்பு கூடும்போது நிறம் அழுத்தமாகத் தெரியும். போதாததற்கு எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வெளிச்சத்தை வீசிக்கொண்டே இருக்கும். சந்தன நிறச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சந்தன நிறம்தானே, அது எதிர்ச் சுவரை இன்னும் கொஞ்சம் மஞ்சளாக்குகிறது. அதனால் ஷேட் கார்டில் மனசுக்குப் பிடித்ததைவிட ஒரு படி வெளிறியதை எடுப்பது நல்லது.

இரண்டாவது வெளிச்சம். பல்பு வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் சொல்வார்கள். 2700 கெல்வின் பல்பு மஞ்சளாக எரியும், 6500 கெல்வின் பல்பு நீலம் கலந்த வெள்ளையாக எரியும். கடையின் வெள்ளை வெளிச்சத்தில் பார்த்த துணி, உங்கள் வீட்டு மஞ்சள் பல்பின் கீழ் அதே துணியாகத் தெரிய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இரண்டு துணிகள் ஒரு வெளிச்சத்தில் அச்சு அசலாக ஒரே நிறமாகவும் இன்னொரு வெளிச்சத்தில் தனித்தனி நிறமாகவும் தெரிவதுகூட உண்டு. சாயம் வேறாக இருந்தால் இது நடக்கும். துணியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பவர்கள் செய்வது மிகச் சரியான காரியம். அதோடு, அந்தத் துணி இரவில் எந்த விளக்கின் கீழ் இருக்கப் போகிறதோ அங்கேயும் ஒரு துண்டை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, பக்கத்து நிறம். பாரிஸில் கோப்லான் என்றொரு பழைய நெசவுக்கூடம். அங்கே 1824 முதல் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர், 102 வயது வரை வாழ்ந்த மனிதர். கருப்புச் சாயம் சரியில்லை, நெய்த பிறகு மங்கலாகத் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைப் பரிசோதித்தார், அதில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கருப்பு நூலுக்குப் பக்கத்தில் ஓடிய நீல, ஊதா நூல்கள்தான் அதை வெளுத்ததாகக் காட்டின. இதை வருடக்கணக்காக ஆராய்ந்து 1839இல் வெளியிட்டார்: பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு நிறங்களில் ஒவ்வொன்றும் மற்றதைத் தனக்கு எதிர்ப்பக்கம் தள்ளும். உங்கள் பச்சைக் குஷன் கதையும் இதுதான் என்று நினைக்கிறேன். கடையில் அது வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் இருந்திருக்கும். வீட்டில் நீல சோபா மேல் வைத்திருந்தீர்கள் என்றால் பச்சையில் இருந்த மஞ்சள் தூக்கலாகத் தெரியும். குஷனைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அதை வேறு நாற்காலியில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. எல்லோரும் சுவர், திரை, சோபா மூன்றையும் எண்ணிவிட்டு மூன்று நிறம் முடிந்தது என்கிறார்கள். தரையை யார் எண்ணுவது? கதவும் ஜன்னல் சட்டமும் மர நிறத்தில் இருக்கும், டைல்ஸ் வேறு நிறத்தில் இருக்கும், இந்த இரண்டும் நீங்கள் பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டவை. பல வீடுகளில் உண்மையிலேயே நாம் தேர்ந்தெடுக்க மீதி இருப்பது ஒரே ஒரு நிறம்தான். அதை ஒப்புக்கொண்டுவிட்டால் வேலை எவ்வளவு சுலபமாகிவிடுகிறது!

கேள்வி: உடுப்பில் மூன்று நிறம் என்றால் கருப்பு, வெள்ளை, சாம்பல் கணக்கில் வருமா?

பெரிய பரப்பில் இருந்தால் வரும். கருப்புப் பேன்ட் நிச்சயம் ஒரு நிறம்தான். வெள்ளைப் பொத்தானை எண்ண வேண்டாம்.

மூன்றாவது நிறத்தை ஒரே இடத்தில் வைத்தால் அது தவறி விழுந்த மாதிரி இருக்கும், இரண்டு இடத்தில் வைத்தால் யோசித்துச் செய்த மாதிரி இருக்கும். கருநீலமும் தந்த வெள்ளையும் போட்டுக்கொண்டு துப்பட்டா செங்கல் நிறம் என்றால், செருப்பிலோ கைப்பையிலோ அந்தச் செங்கல் இன்னொரு முறை எட்டிப் பார்க்கட்டும். மூன்று நிறத்தை எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல் திண்டாடுபவர்கள் பூப்போட்ட துணி ஒன்றை எடுத்து, அதில் இருக்கும் நிறங்களிலிருந்தே மற்றதை எடுத்துக்கொள்ளலாம், அந்தத் துணியை வடிவமைத்தவர் உங்களுக்காக ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறார்.

கேள்வி: நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் நிறச் சக்கரத்தில் சம தூரத்தில் இருக்கும் மூன்று நிறங்கள் பொருந்தும் என்று படித்து, சிவப்பு, மஞ்சள், நீலம் வைத்து என் வரவேற்பறையை அமைத்தேன். மழலையர் பள்ளி மாதிரி இருக்கிறது. சக்கரம் பொய்யா?

சக்கரம் பொய் சொல்லவில்லை, அது பாதியைத்தான் சொல்கிறது. எந்த நிறம் என்பதைச் சொல்லும், எவ்வளவு என்பதையும் எவ்வளவு அடர்த்தி என்பதையும் சொல்லாது.

நீங்கள் எடுத்த அதே மூன்று நிறத்தை வைத்துக்கொண்டு வாழ்நாளின் கடைசி இருபது சொச்ச வருடங்கள் வரைந்தவர் டச்சு ஓவியர் பியத் மோந்திரியான். அவருடைய படங்களை யாரும் மழலையர் பள்ளி என்று சொல்வதில்லை. உற்றுப் பாருங்கள், பல படங்களில் பெரும்பகுதி வெள்ளை. கருப்புக் கோடுகள் கட்டம் கட்டுகின்றன. ஒரு மூலையில் கொஞ்சம் நீலம், ஓரத்தில் ஒரு மஞ்சள் துண்டு, அவ்வளவுதான். அவரோடு ‘டி ஸ்டைல்’ என்ற கலை இயக்கத்தில் இருந்த கட்டடக் கலைஞர் ரீட்வெல்ட் 1924இல் உட்ரெக்ட் நகரில் ஒரு வீடு கட்டினார், இன்று அது உலகப் பாரம்பரியச் சின்னம். வெளியிலிருந்து பார்த்தால் சுவர்கள் வெள்ளையும் சாம்பலும், சிவப்பும் மஞ்சளும் நீலமும் மெல்லிய தூண், கம்பி போன்ற இடங்களில் மட்டும் கோடு கோடாக ஓடுகின்றன. 1965இல் பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் ஈவ் சாந் லோரன் அந்த ஓவியங்களை அப்படியே உடையாக்கியபோதும், மிகவும் பேசப்பட்ட அந்த உடையில் வெள்ளைதான் அதிகம்.

ஆகவே உங்கள் மூன்று நிறத்தையும் தூக்கி எறிய வேண்டாம். சிவப்பைச் செங்கல் பக்கம் இறக்குங்கள், மஞ்சளைக் கடுகு பக்கம் கொண்டுவாருங்கள், நீலத்தைக் கருநீலம் ஆக்குங்கள். சக்கரத்தில் அவற்றின் இடம் மாறவில்லை, சத்தம்தான் குறைந்திருக்கிறது. அல்லது மூன்றையும் பளிச்சென்றே விட்டுவிட்டு, அறையில் அவற்றுக்கு 10 பங்குக்கு மேல் கொடுக்காமல் மற்ற இடத்தை வெள்ளைக்குக் கொடுங்கள். நானாக இருந்தால் இரண்டாவது வழியை எடுப்பேன், துணிச்சலானது அதுதான்.

தமிழில் நிறங்களுக்கு எவ்வளவு துல்லியமான பெயர்கள் இருக்கின்றன என்று இந்த மாதிரி நேரத்தில்தான் தோன்றும். பச்சை என்று பொதுவாகச் சொன்னால் சண்டைதான் வரும். கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை என்று சொல்லிப் பாருங்கள், பெயரைச் சொல்லும்போதே அடர்த்தியும் கண் முன்னால் வந்துவிடுகிறது. பெயின்டரிடமும் டிசைனரிடமும் இப்படியே பேசுங்கள்.

கேள்வி: எங்கள் இணையப் பக்கத்தில் பச்சைப் பின்னணி, அதில் சிவப்புப் பொத்தான். பொத்தானே கண்ணில் படவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் சொல்கிறார். எனக்கு நன்றாகத் தெரிகிறதே?

அவர் சொல்வதை நம்புங்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது, பெண்களில் இது அரை சதவீதம் அளவுக்குத்தான். மற்ற மக்களிடையே விகிதம் கொஞ்சம் மாறும், ஆனால் எங்கும் இருக்கிறது. போக்குவரத்து விளக்கில் சிவப்பு வழக்கமாக மேலே இருப்பது அவர்களுக்குப் பெரிய உதவி, நிறம் குழப்பினாலும் இடத்தை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். அந்தப் பச்சையில் கொஞ்சம் நீலம் கலந்திருப்பதும் அவர்களுக்கு உதவத்தான்.

கைப்பேசியில் உங்கள் பக்கத்தை ஒரு படம் பிடித்து அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பொத்தானும் பின்னணியும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால் அந்த ஜோடி வேண்டாம். இந்தச் சோதனையை லோகோ, அறை, உடுப்பு எதற்கும் செய்யலாம், மூன்று நிறங்களில் ஒன்று வெளிர், ஒன்று நடுத்தரம், ஒன்று அடர்த்தி என்று தனித்தனியாகத் தெரிந்தால் நிறம் எதுவானாலும் பாதி வேலை முடிந்துவிட்டது. இணையத்துக்கு எண்ணும் இருக்கிறது: உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் அணுகல் விதிகளின்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். வெள்ளையில் சுத்தச் சிவப்பு 4க்கு 1 அளவில் நின்றுவிடுகிறது, வெள்ளையில் பளிச்சென்ற மஞ்சள் 1.1கூட வராது. மஞ்சள் எழுத்தை வெள்ளை மேல் வைக்கிற ஆசையை தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கேள்வி: திரையில் பளபளத்த நீலம் அச்சில் செத்துப்போய் வருகிறது. அச்சகத்தின் தவறா?

திரை வெளிச்சத்தைக் கலந்து நிறம் காட்டுகிறது, அச்சு மையைக் கலந்து காட்டுகிறது. சில பளிச்சென்ற நீலமும் பச்சையும் ஆரஞ்சும் வழக்கமான நான்கு மைகளில் வரவே வராது. மூன்று நிறத்தோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு இங்கே ஒரு வசதி. பான்டோன் நிறுவனம் 1963இல் கொண்டுவந்த எண் முறைப்படி, முன்கூட்டியே கலந்த தனி மைகளைக் கேட்டு வாங்கலாம். கிடக்கும் நிறம் தாளின் வெள்ளை என்றால் இரண்டே மையில் வேலை முடிந்தது. ஆறு நிறம் வைத்திருப்பவர் இதைச் செய்யத் தயங்குவார். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் தாளில் ஒரு மாதிரி கேளுங்கள், திரையைப் பார்த்து ‘ஓகே’ சொல்லாதீர்கள்.

கேள்வி: என் கணவருக்குச் சாம்பல், எனக்கு மஞ்சள். படுக்கையறைக்கு நிறம் முடிவாகாமல் மூன்று வாரம் ஓடிவிட்டது.

நீங்கள் இருவரும் வேறு வேறு வேலைக்கு ஆள் எடுத்திருக்கிறீர்கள், இதில் சண்டையே இல்லை. அவருடைய சாம்பல் கிடக்கட்டும். உங்கள் மஞ்சள் கூப்பிடட்டும்: தலையணை உறை, மேசை விளக்கு, ஒரு படச்சட்டம். நடுவில் நிற்பதற்கு ஒரு மரப் பழுப்பை இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1931இல் ஒரு சுவர்த்தாள் நிறுவனத்துக்காக 43 நிறங்களைத் தொகுத்துக் கொடுத்தபோது, எல்லா நிறமும் ஒரே நேரத்தில் கண்ணில் படாதபடி, சிலவற்றை மட்டும் காட்டும் ஓட்டைகள் போட்ட அட்டையையும் சேர்த்தே கொடுத்தார். நீங்களும் ஒரு வெள்ளை அட்டையில் மூன்று ஓட்டை போடுங்கள், ஒன்று பெரிது, ஒன்று நடுத்தரம், ஒன்று சின்னது. அதற்குப் பின்னால் நிறத் துண்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். மஞ்சள் பெரிய ஓட்டையில் இருந்தால் எப்படி, சின்னதில் இருந்தால் எப்படி என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: எதையும் யோசிக்க நேரமில்லை. தோற்காத மூன்று நிறம் சொல்லுங்கள்.

தந்த வெள்ளை, கருநீலம், செங்கல். இதே வரிசையில், 60-30-10 அளவில்.

கேள்வி: எல்லாம் அடித்து முடித்த பிறகுதான் உங்கள் வரியைப் படித்தேன். ஒரே அறையில் ஆரஞ்சு இருக்கிறது: ஒரு சுவர், திரைச்சீலை, தரைவிரிப்பு, நான்கு குஷன். உட்காரவே முடியவில்லை. மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டுமா?

இன்னும் பெயின்ட் டப்பாவைத் தொடாதீர்கள். முதலில் திரைச்சீலையைக் கழற்றி, அந்த இடத்தில் வெளிர் நிறத்தில் எது கையில் கிடைக்கிறதோ அதை மாட்டுங்கள், பழைய படுக்கை விரிப்பு ஆனாலும் பரவாயில்லை. தரைவிரிப்பைச் சுருட்டி வேறு அறையில் போடுங்கள். இரண்டு குஷனை எடுத்துவிட்டு இரண்டை மட்டும் விடுங்கள். இப்போது ஆரஞ்சு சுவரிலும் இரண்டு குஷனிலும் மட்டும்தான் இருக்கிறது. அப்படியே ஒரு வாரம் இருந்து பாருங்கள், பகலிலும் விளக்கு போட்ட பிறகும். அப்போதும் சுவர் கத்துகிறது என்றால் அந்த ஒரு சுவருக்கு மட்டும் பெயின்டரைக் கூப்பிடுங்கள், குஷன்கள் அங்கேயே இருக்கட்டும்.